தொலைந்துபோன ஒரு துண்டுக் கடதாசி

கடந்த மாதம் எனது புத்தக அலுமாரியைத் தூசி தட்டியபோது, 2016இல் வெளிவந்த 'எ லோங் வோச்' என்ற ஆங்கில நூல் கையில் அகப்பட்டது. இலங்கைக் கடற்படை அதிகாரி கொமடோர் அஜித் போயாகொட சொல்லச் சொல்ல, சுனிலா கலப்பத்தி எழுதிய நூல் அது. 1994 செப்டெம்பரில் மன்னார்க் கடலில் 'சாகரவர்த்தன' என்ற கப்பல் கடற்கரும்புலிகளால் மூழ்கடிக்கப்பட்டபோது அதன் கட்டளை அதிகாரியாக இருந்தவர் அவர். உயிரோடு பிடிபட்டு, எட்டு ஆண்டுகள் விடுதலைப் புலிகளின் கைதியாக இருந்து, 2002 செப்டெம்பரில் விடுவிக்கப்பட்டார். புலிகளிடம் கைதியாக இருந்த படையினரில் மிக உயர்ந்த பதவியில் இருந்தவர் என்று அவரைக் குறிப்பிடுவார்கள்.

அவருடைய கைதி வாழ்வின் தொடக்க காலம் யாழ்ப்பாணத்திலேயே கழிந்தது. அவ்வேளையில் நானும் யாழ்ப்பாணத்தில்தான் இருந்தேன். ஒரு நாளேட்டின் ஆசிரிய பீடத்தில், ஜாம் போத்தல் விளக்கின் முன்னால் அமர்ந்து, கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகிய பத்திரிகைக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தவன். நமது ஊரிலேயே எங்கோ ஒரு வீட்டில் ஒரு கைதி நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறான் என்ற எண்ணம் அன்று எனக்கு எழவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும். நம்மவர் பலர் தெற்கிலே சிறையிருந்த காலம் அது. அவர்களைப் பற்றிய எண்ணமே மனத்தை நிறைத்திருந்தது.

நூலை மீண்டும் புரட்டியபோது எனக்கு நினைவில் வந்தவர் போயாகொட அல்லர், மானிப்பாயில் வாழ்ந்த ஒரு மலாயன் பென்சனியர். அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஊரில் எல்லாரும் 'மலாயாக்காரர்' என்றே அழைத்தார்கள். நான் 'ஐயா' என்பேன்.

மலாயன் பென்சனியர் என்ற சொல் இன்றைய இளைய வாசகர்களுக்கு விளங்குமோ தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலிருந்து, மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்து இளைஞர்கள் கப்பலேறி மலாயாவுக்குப் போனார்கள். புகையிரதப் பகுதியிலும் பொதுவேலைப் பகுதியிலும் எழுதுவினைஞர்களாகவும், நிலைய அதிபர்களாகவும், நில அளவையாளர்களாகவும் இருந்து ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பினார்கள். கோலாலம்பூரிலிருந்து வரும் பென்சன், விறாந்தையில் சாய்மனைக் கதிரை, பின்னேரம் கோயிலடிவரை ஒரு நடை. வலிகாமத்துக் கல்வீடுகளில் எத்தனையோ அந்தப் பணத்தில் எழுந்தவை.

நமது ஐயா 1936இல் போனவர். அங்கே புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அடுத்த ஆண்டு ஜப்பானியர் அவரையும் வேறு சிலரையும் சரக்கு வண்டியில் ஏற்றிச் சீயத்துக்குக் கொண்டுபோனார்கள். சீயத்தையும் பர்மாவையும் இணைக்க அவர்கள் காட்டை வெட்டிப் போட்ட 415 கிலோமீற்றர் இருப்புப் பாதையைப் பற்றி வாசகர்கள் அறிந்திருப்பீர்கள். அதற்குள் இழுக்கப்பட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் அறுபதினாயிரத்துக்கு மேல். அவர்களில் பன்னீராயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் தொகை இதைப்போல் பன்மடங்கு. பல்லாயிரவர் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர். அவர்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு மதிப்பீடுகள்தாம் உண்டு, கணக்கு இல்லை. காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்கான மயானத்தில் ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. தமிழ்க் கூலிக்கு அப்படிப் பெயர் எழுதிய கல்லொன்றும் கிடைக்கவில்லை.

ஐயா கூலியாகப் போகவில்லை. பெயர்ப் பதிவுக்காரராகப் போனவர். ஆனாலும் 1943 நடுப்பகுதியில் வாந்திபேதி வந்து முகாம்கள் காலியானபோது, பேனா பிடித்தவனும் மண் சுமக்க வேண்டியதாயிற்று. ஒருநாள் காவலாளி ஒருவன் மூங்கிற் கழியால் இடது கணைக்காலில் அடித்தான். எலும்பு முறியவில்லை. தோல் கிழிந்தது. அந்தக் காட்டில் தோல் கிழிந்தாற் போதும். ஒரு கிழமைக்குள் அது புரையோடி, முழங்காலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் குழியாயிற்று. கைதிகளாயிருந்த வெள்ளைக்கார வைத்தியர்கள் சிலரைத் தொழிலாளர் முகாம்களுக்கும் ஜப்பானியர் அனுப்பியிருந்தார்கள். அவர்களில் ஒருவர், மயக்க மருந்து ஏதும் இன்றி, கரண்டியால் அழுகிய சதையைச் சுரண்டி எடுத்துக் காலைக் காப்பாற்றினார். போர் முடிந்தபின், 1945 ஓகஸ்ட் மாதக் கடைசியில், அதே வைத்தியர் ஒரு துண்டுக் கடதாசியில் பென்சிலால் சில வரிகள் எழுதிக் கொடுத்தார்.

ஐயா பதக்கம் கேட்டுக் கடிதம் எழுதத் தொடங்கியது எண்பதுகளின் நடுப்பகுதியில். 1985இல் அமெரிக்கா போர்க் கைதிகளுக்கென்றே ஒரு பதக்கத்தை ஏற்படுத்தியது. முதலாம் உலகப் போரில் அந்நாடு இறங்கிய நாளிலிருந்து கைதியாக இருந்த படையினர் எல்லாரும் அதற்கு உரியவர். இந்தச் செய்தியை ஏதோ ஓர் ஆங்கிலச் சஞ்சிகையில் வாசித்திருக்கிறார். அமெரிக்கன் கொடுத்தால் இங்கிலீசுக்காரன் ஏன் கொடுக்கக்கூடாது என்பது அவருடைய நியாயம். அதிலும், காயப்பட்டவனுக்கு அமெரிக்கர் 'பேர்ப்பிள் ஹார்ட்' என்று தனியாக ஒரு பதக்கம் கொடுப்பதையும் அவர் அறிந்திருந்தார். இலண்டனில் இருந்த ஓர் அலுவலகத்துக்கு எழுதினார். பதில் வந்தது. அவர் ஆயுதப் படையில் சேவை செய்தவர் அல்லர், குடிசார் ஊழியர், ஆகவே போர்க் கைதி என்ற வகுப்பில் அடங்க மாட்டார், அவர் பட்ட துன்பங்களுக்கு அனுதாபம் என்று ஒரு பக்கம். மறுபடியும் எழுதினார். மறுபடியும் அதே பக்கம், வேறு கையெழுத்துடன்.

நான் அவரை அறிந்தது இந்தக் கடிதங்களின் மூலமே. தட்டச்சு இயந்திரம் வைத்திருந்தவன் என்ற வகையில், அவர் கையால் எழுதிக் கொண்டுவருவதை நான் தட்டிக் கொடுப்பேன். அழகான பழைய ஆங்கிலம். நான் ஒரு சொல்லை மாற்றினாலும் பிடித்துவிடுவார்.

ஒருமுறை, "ஐயா, இவ்வளவு வருஷத்துக்குப் பிறகு இந்தப் பதக்கம் உங்களுக்கு என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"தம்பி, நீர் நினைக்கிறமாதிரி எனக்குக் காசு வேண்டாம். பென்சன் வருகுது, காணும். நான் அங்க இருந்தனான், அடி வாங்கினனான் எண்டு அவங்கள் ஒருக்கா எழுதித் தந்தாச் சரி. என்னோட வந்ததில பதினொரு பேர் திரும்பி வரேல்லை. அவங்களுக்கு ஆர் எழுதித் தாறது?"

அவர் அறியாத, அன்று நானும் அறியாத ஒரு விடயத்தை இங்கே சொல்ல வேண்டும். காயத்துக்கென்று ஒரு பதக்கம் பிரித்தானியாவில் இல்லவே இல்லை. 1916இல் காயமுற்ற படையினர் சட்டையின் இடது கையில் தைத்துக்கொள்ளப் பொன்னிறப் பட்டி ஒன்று கொடுத்தார்கள். அது இரண்டாம் உலகப் போரில் 1944இல் மறுபடியும் வந்து, போர் முடிந்ததும் நின்றுபோயிற்று. அவர் பத்து ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தது, கொடுப்பவனிடமே இல்லாத ஒரு பொருளை. இதை எந்தப் பதில் கடிதத்திலும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இருக்கிற நாட்டிலும் காரியம் இலகுவானதன்று. 1782இல் ஜோர்ஜ் வொஷிங்டன் ஏற்படுத்திய ஒரு விருதின் வழியில், 1932இல் புதுப்பிக்கப்பட்டது அமெரிக்கரின் பேர்ப்பிள் ஹார்ட். எதிரியின் கையால் ஏற்பட்ட காயம் வேண்டும், அதற்கு வைத்தியம் பார்த்த பதிவு வேண்டும். போர்க்களத்தில் காயப்பட்டவனுக்குப் படை வைத்தியசாலையின் துண்டு இருக்கும். எதிரியின் முகாமில் அடிபட்டவனுக்கு யார் துண்டு எழுதுவது? அடித்தவனா? கைதியாக இருக்கையில் காயமுற்ற பழைய வீரர்களுக்கும் அப்பதக்கத்தைக் கொடுக்கலாம் என்று 1996இல்தான் அங்கே சட்டம் வந்தது. சிறையிலேயே இறந்தவர்களுக்கு, எதிரியின் செயலால் இறந்தவர்கள் என்று கொண்டு கொடுக்கும் முடிவு 2008இல். நோய் கணக்கில் இல்லை. உறைபனியில் கால்விரல் போனாலும் கணக்கில் இல்லை. கொரியாவின் குளிரில் வெறுங்காலோடு நடத்தப்பட்ட கைதியின் விரலைத் தின்றது எதிரியா, பனியா என்று ஒரு மேசைக்குப் பின்னால் இருந்து தீர்மானிக்கிறார்கள். ஐயாவின் காலையும் அந்த மேசையில் வைத்துப் பார்க்கிறேன். அடி, காயம். புண், நோய். அடிக்கும் புண்ணுக்கும் இடையில் ஒரு கிழமை. எந்தப் பக்கத்தில் சேர்ப்பார்கள்?

நமது நாட்டிலும் போரில் காயமுற்ற படையினருக்குத் 'தேச புத்திர சம்மானய' என்ற பதக்கம் உண்டு. மற்றப் பக்கத்தில் காயப்பட்டவர்களுக்கும், எந்தப் பக்கமும் சாராமல் கிணற்றடியில் நின்று காயப்பட்டவர்களுக்கும் என்ன உண்டு என்று நான் எழுதத் தேவையில்லை. உடம்பில் எறிகணைச் சிதறலைச் சுமந்துகொண்டு யாழ்ப்பாணத்தில் நடமாடுகிறவர்களை எண்ணிப் பார்த்தால் விளங்கும்.

விடயத்துக்கு வருகிறேன். 1995 தொடக்கத்தில் அரசுக்கும் புலிகளுக்கும் இடையே பேச்சு நடந்தது. சண்டை ஓய்ந்திருந்தது. அந்த அமைதியில் ஐயா ஒருநாள் சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தார். வயது எண்பதுக்குக் கிட்ட. கையில் நீல நிறக் கடதாசி மட்டைப் பைல் ஒன்று.

"வாற ஓகஸ்ட் பதினைஞ்சாந் திகதி யப்பான்காரன் சரணடைஞ்சு அம்பது வருஷம். உம்மட பேப்பரில இதை ஒருக்கா எழுதும். பேப்பரில வந்ததை வெட்டி இலண்டனுக்கு அனுப்புவம்" என்றார்.

பைலில் எல்லாக் கடிதங்களின் பிரதிகளும் இருந்தன. பதில்கள் இருந்தன. முகாமில் இறந்த பதினொரு பேரின் பெயர்களும் ஊர்களும் ஒரு தாளில். அந்தப் பென்சில் துண்டு ஒரு தபாலுறைக்குள் தனியாக இருந்தது. அதைப் பிரதி எடுக்க அன்று யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. வேண்டாம் ஐயா, இந்தத் துண்டை நீங்களே வைத்திருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஏப்ரலில் பேச்சு முறிந்தது. ஜூலை 9ஆம் திகதி நவாலி சென் பீற்றேர்ஸ் தேவாலயத்தின்மீது விமானக் குண்டு விழுந்தது. 'முன்னேறிப் பாய்தல்' நடவடிக்கைக்குத் தப்பி வந்து தேவாலயத்தில் தங்கியிருந்த சனத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மானிப்பாய்க்கு அடுத்த ஊர் நவாலி. பத்திரிகையில் இறந்தவர்களின் பெயர்களை அச்சிடவே தாள் போதாத நாட்களில், ஐம்பது வருடத்துக்கு முந்திய ஒரு கணைக்கால் காயத்துக்கு எப்படி இடம் கேட்பது? ஓகஸ்ட் 15 வந்தது, போயிற்று. நான் எழுதவில்லை. ஐயாவும் கேட்கவில்லை. வழியிற் காண்கையில் தலையசைத்துவிட்டுப் போவார்.

ஒக்டோபர் 30ஆம் திகதி மாலை, வலிகாமத்திலிருந்து உடனே வெளியேறுமாறு ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். அந்த இரவைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். மழை. செம்மணி வழியாகவும் நாவற்குழிப் பாலத்தாலும் இலட்சக்கணக்கான சனம். சில மைல் தூரத்துக்கு ஒரு முழு இரவு. என்னிடம் ஒரு சைக்கிள். கரியரில் அரிசி மூட்டை, ஹான்டிலில் இரண்டு பைகள். காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், மனைவியின் நகை, பிள்ளைகளின் உடுப்பு. பையில் இன்னும் ஒரு பொருளுக்கு இடம் இருந்தது. அலுமாரிக்கு மேலே இரண்டு பொருட்கள் அருகருகே இருந்தன. ஒன்று ஐயாவின் நீலப் பைல். மற்றது, அதுவரை நான் எழுதிய கட்டுரைகளை வெட்டி ஒட்டி வைத்திருந்த அல்பம். அல்பத்தை எடுத்தேன்.

இருட்டில் கைதவறி எடுத்ததல்ல. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டையும் பார்த்தேன். பத்து நாளில் திரும்பி வந்துவிடுவோம் என்று நினைத்தேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. அப்படி நினைத்திருந்தால் அல்பத்தையும் விட்டுவிட்டல்லவா வந்திருக்க வேண்டும்?

நவம்பர் மாதக் கடைசியில் கொடிகாமத்தில், ஒரு பாடசாலை மண்டபத்தில் ஐயாவைக் கண்டேன். மனைவியோடும் இளைய மகளோடும் வந்திருந்தார். அவ்வளவு தூரமும் நடந்தே வந்ததில் பழைய தழும்பு வெடித்து நீர் வடிந்துகொண்டிருந்தது. வேட்டியைச் சற்று உயர்த்திக் காட்டினார். பிறகு கேட்டார்:

"தம்பி, என்ர பைல்?"

"பத்திரமா இருக்கு ஐயா."

என்னை ஒரு கணம் பார்த்தார். "அது காணும்" என்றார். பேச்சை மாற்றி, பாணுக்கு வரிசை எங்கே நிற்கிறது என்று விசாரித்தார்.

1996 பெப்ரவரியில் அங்கேயே காலமானார். ஏப்ரலில் சனம் வலிகாமம் திரும்பியபோது நானும் திரும்பினேன். வீட்டுக்குக் கூரை இருந்தது. அலுமாரி இல்லை. வளவில் நனைந்து இறுகிய கடதாசிக் குவியல் ஒன்றைக் கிளறிப் பார்த்தேன். என் பிள்ளைகளின் கொப்பிகள். நீல மட்டை இல்லை.

2000 நவம்பரில், ஜப்பானியரிடம் கைதியாக இருந்தவர்களுக்குப் பிரித்தானிய அரசு பத்தாயிரம் பவுண் வழங்கும் என்று அறிவித்தது. அந்தத் தந்திச் செய்தியைத் தமிழாக்கம் செய்தவன் நான்தான். கை ஓடவில்லை. பின்னர் விவரம் வந்தது. குடிசார் கைதியானால் அவரோ, தாய் தந்தையரோ, பாட்டன் பாட்டியரோ பிரித்தானியாவில் பிறந்திருக்க வேண்டுமாம். மானிப்பாயில் பிறந்தவனுக்குப் பொருந்தாது. பிரித்தானியக் கொடியின் கீழ்ப் போரிட்டுப் பிடிபட்ட நேபாளக் கூர்க்காக்களையே விலக்கியிருந்தார்கள். அவர்கள் வழக்காடி 2002இல் வென்றார்கள். பிறப்பு விதியை எதிர்த்து டயானா எலியாஸ் என்ற பெண்மணி போட்ட வழக்கிலும் அந்த விதி இனப் பாகுபாடானது என்று 2005இல் தீர்ப்பாகி, அடுத்த ஆண்டு மேன்முறையீட்டிலும் நிலைத்தது. அவர் ஹொங்கொங்கில் தடுத்து வைக்கப்பட்டிருந்தவர். அவர்களிடம் கடதாசிகள் இருந்திருக்கும் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

ஐயாவின் இளைய மகள் இப்போது கனடாவில். 2019இல் என் மின்னஞ்சல் முகவரியைத் தேடிப் பிடித்து எழுதியிருந்தார். தகப்பனாரைப் பற்றிப் பேரப்பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதி வைக்க விரும்புவதாகவும், அந்தப் பைல் என்னிடம் இருந்தால் பிரதி எடுத்து அனுப்ப முடியுமா என்றும் கேட்டிருந்தார். மூன்று நாள் பதில் எழுதவில்லை. நான்காம் நாள் நடந்ததை நடந்தபடி எழுதினேன், அல்பம் உட்பட. ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் பேசினார்.

"அண்ணை, அது அப்பாவுக்குத் தெரியும். கொடிகாமத்தில உங்களைக் கண்ட அண்டைக்கே அம்மாவிட்டச் சொன்னவர், பைல் போட்டுது எண்டு. உங்களிட்டக் கேக்க வேண்டாம் எண்டும் சொன்னவர்."

அதன்பின் என்ன பேசினேன் என்பது நினைவில் இல்லை. பேரப்பிள்ளைகளுக்காக நினைவில் உள்ளதை எழுதித் தருவதாகச் சொன்னேன். பதினொரு பெயர்களில் நான்கு ஊர்கள் நினைவுக்கு வந்தன: சங்கானை, அளவெட்டி, வட்டுக்கோட்டை, காரைநகர். பெயர்கள் ஒன்றும் வரவில்லை.

அந்தத் துண்டு நினைவில் இருக்கிறது. உள்ளங்கை அளவு, ஒரு பக்கம் கோடு போட்டது, பதிவுப் புத்தகத்திலிருந்து கிழித்தது. நான்காக மடித்த மடிப்பில் ஒரு சிறு துளை. இடது கணைக்காலில் காவலாளி அடித்ததால் உண்டான காயம், அது பெரும் புண்ணாயிற்று, 1943 ஓகஸ்ட் முதல் மூன்று மாதம் வைத்தியம், இவர் எனக்குத் தெரிந்தவர் என்ற கருத்தில் ஆங்கிலத்தில் ஐந்து வரிகள். கையொப்பம் வாசிக்க முடியாத கிறுக்கல். அதன் கீழே படை இலக்கம், 'என்.எக்ஸ்' என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கியது. அவை அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிற் படையிற் சேர்ந்தவர்களுக்குரிய எழுத்துகள் என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே அறிந்தேன். எழுத்துகளுக்குப் பின்னால் ஐந்து இலக்கங்கள் இருந்தன. அவற்றை ஒரு தாளில் குறித்து வைக்க எனக்கு எட்டு மாதம் இருந்தது.